மவுஸ் துள்ளுகிறது

காலையில் எழுந்ததும் பல் துலக்குவேன். பால் காய்ச்சுவேன். அது பொங்கும். துடைப்பேன். நேற்றைய சட்டையையும் துண்டையும் வாஷிங் மெஷினில் போட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு, டீயோடு ஜன்னல் பக்கம் போய் நிற்பேன். எதிர்மாடியில் ஒருவர் உடற்பயிற்சி செய்வார். அவர் இளைக்கவில்லை. நானும் பார்ப்பதை நிறுத்தவில்லை. மெஷின் நின்றதும் துணியை உதறிக் காயப்போடுவேன். ஒற்றை ஆளின் சட்டைக்கு மெஷின் ஓட்டுவது மடத்தனம்தான். ஆனால் வீட்டில் ஏதாவது ஒன்று சத்தம் போட வேண்டியிருக்கிறது.

அந்த மெஷின் முன்பெல்லாம் துணியைப் பிழியும்போது நடக்கும். குலுங்கிக் குலுங்கிக் கதவு வரைக்கும் வந்து நிற்கும். இப்போது நடப்பதில்லை. தானாகத் திருந்திவிட்டது என்று நினைத்திருந்தேன். என் தொழில் கணினிக் கோளாறுகளைச் சரிசெய்வது. எந்தக் கோளாறும் தானாகச் சரியாகாது என்று போனில் ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான்.

பிறகு சட்டை, ஷூ, பஸ், அலுவலகம். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "ஒரு தடவ ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க சார்" என்று மாலை வரை சொல்ல வேண்டும். இதை வைத்தே என் மனைவி என்னைக் கிண்டல் செய்வாள். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கையில் டார்ச்சோடு வந்து என் காதுக்குள் அடித்துப் பார்ப்பாள். "கேபிள்லாம் சரியாத்தான் இருக்கு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடுவோமா?" என்பாள்.

போன வருடம் அவளுக்கு இதய வால்வில் அறுவை சிகிச்சை நடந்தது. சின்ன வயதில் ஒருமுறை செய்தது; இது இரண்டாவது. உள்ளே போனாள். அவ்வளவுதான். டாக்டர்கள் மேல் தப்பில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னார்கள். நான்தான் அவர்கள் வேறு யாரிடமோ சொல்வதாக நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் கணினியில் விளையாடுகிறவள். பொழுதுபோக்கு என்று சொன்னால் கோபம் வரும். நாலு பேர் கொண்ட அணி. எதிரணியிலும் நாலு பேர். கிடங்கு, படிக்கட்டு, மொட்டைமாடி என்று ஓடி ஓடிச் சுட்டுக்கொள்வார்கள். சனிக்கிழமை காலையில் லீக் ஆட்டம். அணியில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே கிடையாது. தலைவி வேறொரு நாட்டில் பல் டாக்டர். எல்லோருக்கும் அவர் கேப்டன். என் மனைவிக்கு அங்கே 'பூரான்' என்று பெயர். இடுக்கில் சத்தமில்லாமல் கிடந்து, ஆள் வந்ததும் கடிப்பாளாம். இந்த விவரமெல்லாம் அவள் போன பிறகுதான் எனக்குத் தெரியும். வீட்டுக்குள்ளேயே ஒரு பூரானோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

திங்கட்கிழமை கேப்டன் போன் செய்தார்.

"பூரானோட வீட்டுக்காரர்தானே?"

இவ்வளவு கம்பீரமாக என்னை யாரும் அதுவரை விசாரித்ததில்லை. ஆமாம் என்றேன்.

"அவ இடத்த இன்னும் காலியாத்தான் வச்சிருக்கோம். மூணு பேராவே ஆடி வாராவாரம் அடி வாங்கறோம். அது பரவால்ல. ஆனா ஆள் சேக்கலன்னா லீக்ல இருந்தே தூக்கிடுவோம்னு சொல்லிட்டாங்க. அடுத்த வாரத்துலேருந்து புதுசா ஒருத்தர் வர்றாரு."

"நல்லது."

"இந்த சனிக்கிழமை மட்டும் நீங்க உக்காரணும். அவ கம்ப்யூட்டர், அவ மவுஸ். ஒரு மேட்ச். அப்புறம் இடத்தக் குடுத்துடலாம்."

"எனக்கு விளையாடத் தெரியாதே."

"தெரியும். சொல்லியிருக்கா."

"என்ன சொன்னா?"

"அத விடுங்க," என்றார் கேப்டன்.

சரி என்றேன். அந்த வருடத்தில் நான் 'சரி' என்று தெரிந்தே சொன்னது அதுதான்.

மவுஸ் மேஜை இழுப்பறையில் இருந்தது. மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றி வைத்திருந்தேன். சார்ஜ் ஏற்றியதும் முதுகில் மங்கலாக ஆரஞ்சு வெளிச்சம் வந்தது. அவள் வைத்த நிறம். அந்த மவுஸுக்குள்ளேயே சின்னதாக ஒரு நினைவகம் உண்டு. எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும், எந்தப் பொத்தான் என்ன செய்ய வேண்டும், என்ன நிறத்தில் எரிய வேண்டும் என்று அவள் சொல்லிவைத்ததெல்லாம் அதில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரை மாற்றினாலும் மறக்காது.

கையை வைத்து நகர்த்தினேன். திரையில் அம்புக்குறி குளிரில் நடுங்குகிறவன் மாதிரி நடுங்கியது. மவுஸைத் தூக்கி வைத்தேன். ஒரே துள்ளாகத் துள்ளித் திரையின் மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

வேறு மவுஸ் போட்டு விளையாடலாமே என்று கேட்கலாம். கேட்காதீர்கள்.

கோளாறு பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுப்பதே நான்தான். அன்றைக்கு நான் ஒரே மூச்சில் யூஎஸ்பி துளையை மாற்றி, ரவுட்டரைத் தள்ளிவைத்து, மவுஸின் அடியில் இருக்கும் சென்சார் கண்ணைப் பஞ்சால் துடைத்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். நடுக்கம் அதிகமானது போலிருந்தது. எதனால் என்று சொல்ல வழியில்லை. பாடம் எடுக்கிறவரின் லட்சணம் இதுதான்.

மேஜை மேல் ஓட்டினேன். வெள்ளைத்தாள் மேல் ஓட்டினேன். தலையணை மேல்கூட ஓட்டினேன். கடைக்குப் போய்ப் பெரிய துணி மவுஸ்பேட் ஒன்று வாங்கிவந்து விரித்தேன். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்றார். கண்ணை மூடிக்கொண்டால் சரியாகத்தான் இருந்தது.

மவுஸோடு வரும் மென்பொருளைத் திறந்தால் கடவுச்சொல் கேட்டது. என் பெயரைப் போட்டேன். இல்லை. என் பிறந்தநாள். இல்லை. கல்யாண நாள். அதுவும் இல்லை. நான் அவ்வளவு முக்கியமான புள்ளி இல்லை என்பதை மென்பொருள் சிவப்பு எழுத்தில் சொன்னது. பிறகு என்னையே வெளியே தள்ளிப் பூட்டிவிட்டது.

கடைசியில் மவுஸ் கம்பெனியின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். யாரோ ஒருவர் அந்தப் பக்கம் ஹெட்செட்டோடு உட்கார்ந்து பதில் அனுப்பினார். அடியில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்யுங்கள், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்து புதிது மாதிரி ஆகிவிடும் என்றார். அழியாமல் செய்ய வழி உண்டா என்று கேட்டேன். அதில் அப்படி என்ன முக்கியமாக இருக்கிறது சார் என்று கேட்டார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன். கொஞ்சம் மரியாதை குறைவாகவே கேட்டிருப்பேன்.

மவுஸைக் கவிழ்த்துப் பார்த்தேன். பொத்தான் மிளகளவு இருந்தது. அழுத்தினால் ஆரஞ்சு போய்விடும். அவள் கை வேகம் போய்விடும். பிறகு அது கடையில் கிடக்கும் ஏதோ ஒரு மவுஸ். அழுத்தாவிட்டால் சனிக்கிழமை அவள் இடத்தில் உட்கார்ந்து ஒன்றும் செய்ய முடியாது. துணியில் சுற்றித் திரும்ப உள்ளே வைத்தேன்.

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரனுக்குத் 'தூசி' என்று பெயர். எதுவாக இருந்தாலும் தூசி என்பான். பிரிண்டர் ஓடவில்லையா, தூசி. நெட் இல்லையா, தூசி. சம்பளம் ஏறவில்லையா, அதுவும் எங்கேயோ தூசி. வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவனிடம் சொன்னேன்.

"கண்ண ஊதிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பஞ்சு?"

"பஞ்சு, ஸ்பிரிட், பிரஷ், எல்லாம் ஆச்சு."

"வேற கம்ப்யூட்டர்ல போட்டியா?"

"ஆபீஸ் மெஷின்லயே போட்டேன். அதே துள்ளல்."

டப்பாவை மூடினான். "அப்ப தூசி இல்லடா," என்றான். அவன் வாயால் அதைக் கேட்பேன் என்று நினைத்ததே இல்லை. எனக்கே லேசாகப் பயம் வந்தது.

"நீ கஸ்டமர்கிட்ட மொதல்ல என்ன கேப்ப?"

"கடைசியா என்ன மாத்துனீங்கன்னு."

"உன்னக் கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்டால் பதில் நீளமாக வரும்.

"வாழ்க்கையக் கேக்கலடா, மேஜையக் கேக்கறேன்," என்றான். "அவங்க ஓட்டுன பேட் எங்க?"

"தெரியல. புதுசு வாங்கிட்டேன்."

தூசி நெற்றியில் அடித்துக்கொண்டான். "இந்த மாதிரி மவுஸெல்லாம் எந்தத் துணி மேல ஓடுதோ அந்த நெசவப் படிச்சு வச்சுக்கும். அவங்க அதுக்குன்னு அளவு எடுத்து உள்ள போட்டு வச்சிருப்பாங்க. இப்ப நீ வேற துணியப் போட்டா அது தேடுமா தேடாதா? தேடுது. அதான் நடுங்குது. மவுஸு நல்லாத்தான்டா இருக்கு. நீதான் தரைய மாத்திட்டு மாட்டக் குத்தம் சொல்ற."

அன்று மாலை வீடு முழுக்கத் தேடினேன். இல்லை. அவள் போன பிறகு என் அக்கா வந்து ஒரு மாதம் போலத் தங்கியிருந்தாள். அவளுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அவ மேஜைல பெருசா ஒரு பேட் இருந்துச்சே. கறுப்பா."

"எது, அந்த ரப்பர் பாயா?"

"அது பாய் இல்லக்கா."

"ஏதோ ஒண்ணு. மெஷின் ஆடிக்கிட்டே இருந்துச்சுல்ல. நாலா வெட்டி நாலு கால்லயும் குடுத்துட்டேன்."

மெஷினைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஏன்டா, மெஷின் ஆடாம ஓடுதே, ஏன்னு யோசிக்கவே இல்லையா?"

"திருந்திடுச்சுன்னு நெனச்சேன்."

"நீயெல்லாம் இஞ்சினியரு," என்றாள். பிறகு அவள் குரல் இறங்கியது. "ஏன்டா, அது முக்கியமானதா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத."

"முக்கியம்தான்."

"உன்னக் கேட்டுத்தான்டா எடுத்தேன். வேணுமா வேணாமான்னு கேட்டேன். ம்னு சொன்ன."

"அப்ப எல்லாத்துக்கும் ம்னுதான் சொன்னேன்."

"ஆமா. சாப்பிட்டியான்னாலும் ம். சாப்பிடலையான்னாலும் ம். நான் எந்த ம்ம எடுத்துக்கறது?" மூக்கை உறிஞ்சினாள். "இரு, நான் கிளம்பி வர்றேன்."

"வந்து என்னக்கா பண்ணப்போற? நாலு காலும் இங்கதான் இருக்கு."

மெஷினைத் தனியாகத் தூக்குவது என்று முடிவெடுத்தேன். முதலில் குழாயைக் கழற்ற வேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கழற்றாமல் தூக்கினேன். குழாய் பிடுங்கிக்கொண்டு என் மார்பில் பீய்ச்சி அடித்தது. துடைத்துவிட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்து அடியில் என் கல்லூரிப் புத்தகங்களைக் கொடுத்தேன். நான்கு வருடப் படிப்பு அன்றைக்குத்தான் ஒரு பாரத்தைத் தாங்கியது.

துண்டுகள் வந்தன. புத்தகங்களை எடுத்துவிட்டுக் குழாயைத் திரும்ப மாட்டினேன். ஒவ்வொன்றிலும் மெஷின் காலின் வட்டம் பதிந்திருந்தது. அக்கா தைக்கிறவள். வெட்டு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. நல்லவேளை, கத்தரி என் கையில் இல்லை. நான் வெட்டியிருந்தால் ஒட்டவே முடியாது.

வாளியில் ஷாம்பூ கலந்து கையால் துவைத்தேன். மெஷின் பக்கத்திலேயேதான் இருந்தது. அதில் போடவில்லை. தண்ணீர் கறுப்பாக வந்துகொண்டே இருந்தது.

துவைக்கும்போது ஒன்று நினைத்துக்கொண்டேன். அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். பக்கத்தில் இருந்தது நான் மட்டும்தான். அதற்கும் 'ம்' என்றுதான் சொல்லியிருப்பேன். பார்த்தார்கள், ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். மாமியார் வீட்டில், "அவர நல்லாப் பாத்துக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனதாக இருக்கிறது. பெரியப்பா வீட்டில், "எனக்கு ஒரு குறையும் இல்ல" என்று. என் அலுவலகத்தில் சிரித்துக்கொண்டே டாட்டா காட்டினாளாம். எல்லாமே நன்றாக இருக்கின்றன. அசல் அந்த அளவுக்கு எடுபடாது. அதனால் நான் குறுக்கிடவில்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் நிழலில் காய்ந்தது. மாலையில் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் டேப் ஒட்டி, நாலையும் ஒன்றாக்கினேன். நடுவே கூட்டல் குறி மாதிரி ஒரு தையல் விழுந்தது. மேஜையில் விரித்து மவுஸை வைத்தேன்.

ஓடியது. நடுக்கமில்லை. தூக்கி வைத்தால் தூக்கிய இடத்திலேயே நின்றது. தையலைத் தாண்டும்போது மட்டும் வேகத்தடையில் ஏறிய சைக்கிள் மாதிரி ஒரு குதி. மற்றபடி வெண்ணெய். திரையில் திறப்பதற்கு ஒன்றும் இல்லை. சும்மா வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். டீ ஆறிப்போனது.

சனிக்கிழமை காலையில் எழுந்ததும் பல் துலக்கினேன். பால் பொங்கியது. துடைத்தேன். சட்டையையும் துண்டையும் மெஷினில் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்து அவள் ஹெட்செட்டை மாட்டினேன்.

"வந்துட்டாரு," என்றார் கேப்டன். அணியில் இருந்த மற்ற இருவரும் வணக்கம் சொன்னார்கள். ஒருவர் குரல் இளசு, என்னை அண்ணே என்றார். ஆட்டம் தொடங்கியது.

"அண்ணே, திரும்புங்க."

"திரும்பிட்டுத்தான் இருக்கேன்."

"இன்னும். இன்னும். அது செவுருண்ணே. இப்ப தரையப் பாக்கறீங்க. தலைய நிமித்துங்க."

மணிக்கட்டை எவ்வளவு அசைத்தாலும் ஆள் ஆமை மாதிரி திரும்பினான். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் மணிக்கட்டால் ஓட்டமாட்டாள். தோளிலிருந்து வீசுவாள். மேஜை ஓரத்தில் நான் வைத்த டீ கிளாஸ்கள் எத்தனையோ அந்த வீச்சில் போயிருக்கின்றன. அதற்கேற்ற வேகத்தைத்தான் உள்ளே வைத்திருக்கிறாள். நானும் தோளிலிருந்து வீசினேன். மவுஸ் தையலில் ஏறிக் குதித்தது. துப்பாக்கி தூக்கிவாரிப்போட்டு மேலே போனது, விரல் பயத்தில் அழுத்தியது, மாடியில் பதுங்கியிருந்த எவனோ ஒருவன் பொத்தென்று விழுந்தான்.

"பூரான்!" என்று மூன்று பேரும் கத்தினார்கள்.

என் அக்காவின் கத்தரிக்கோல்தான் அவனைச் சுட்டது. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் என்னைச் சுட்டுவிட்டார்கள். செத்தால் அடுத்த சுற்று வரைக்கும் சும்மா இருக்க வேண்டும். அது எனக்குப் பழக்கம்தான்.

பின்னால் டமடமவென்று சத்தம். மெஷின் பிழியத் தொடங்கியிருந்தது. காலடியில் இருந்ததைத்தான் நான் உருவிவிட்டேனே. குலுங்கிக் குலுங்கி வெளியே வந்துகொண்டிருந்தது.

"என்னங்க அது, வீட்ட இடிக்கிறாங்களா?" என்றார் கேப்டன்.

நான் விளக்கமாகச் சொன்னேன். பேட், அக்கா, கத்தரிக்கோல், நாலு கால், தூசி, எல்லாவற்றையும். அவ்வளவு நீளமாக நான் பேசியே பல மாதம் ஆகியிருக்கும். பேசி முடித்ததும் அமைதி.

"ஹலோ, இருக்கீங்களா?" என்றார் கேப்டன். "உங்க மைக் ஆஃப்ல இருக்கு. கட்டைவிரல் பக்கம் ஒரு பட்டன் இருக்கும், தெரியாம அமுக்கியிருப்பீங்க."

அமுக்கித்தான் இருந்தேன்.

"அவ வச்சதுதான் அது. நல்லா பேசிட்டே இருப்பா, டக்குனு காணாமப் போயிடுவா. உங்களத் திட்டிட்டு வர்றான்னு நாங்க புரிஞ்சுப்போம்."

அந்தப் பொத்தானை மறுபடி அழுத்தினேன். "இப்ப கேக்குதா?"

"கேக்குது." கேப்டன் கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க. கடைசியா ஏதாவது சொன்னாளா? எங்களுக்கு யாருமே ஒண்ணும் சொல்லல."

'ம்' என்று சொல்லத்தான் வாய் போனது. மெஷின் கதவு வரைக்கும் வந்து, அதற்குமேல் போக வழியில்லாமல், கதவைத் தட்டிக்கொண்டே நின்றது.

"சொன்னா," என்றேன்.

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. நான் கூடவே நடந்தேன். அறுவை சிகிச்சை அறையின் கதவு வந்ததும் நீங்கள் இங்கேயே இருங்கள் என்றார்கள். நின்றேன். நான் ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது. அவள்தான் தலையைத் தூக்கி என்னைத் தேடினாள். ஏதோ ஞாபகம் வந்துவிட்ட முகம்.

"அந்தப் பேட துவைச்சு வை, அழுக்கா இருக்கு. கையால துவை. மெஷின்ல போட்டுடாத."